மலைப் பயணத்துக்கு ஒரு முழு ஒத்திகை

செவ்வாய்க்கிழமை, முற்பகல்

என் மதிப்புக்கும், தங்கள் அக்காவின் ஓயாத கவலைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தான் எழுதும் மடல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு, மூன்று அமர்வுகளும் ஒரு வெளிநடப்பும் நடந்து முடிந்தபின், மலைக்கு ஒரே ஒரு குடையை எடுத்துச் செல்வது என்று நம் குடும்பம் தீர்மானித்துவிட்டது என்பதை முழுப் பொறுப்புணர்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆறு பேருக்கு ஒரு குடை. "ஒரு குடைக்குள்ள ஒன்றரை ஆள்தான் மாமா அடங்கும்" என்று என் மருமகள் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினாள். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வட்டம் போடாமல் எதையும் மறுக்க மாட்டாள். வெளிநடப்புச் செய்தது என் மகன். கடைசியில் தங்கள் அக்காதான் பாத்திரம் துடைத்த துணியோடு வந்து, "மழை வந்தா நனைஞ்சுட்டுப் போறோம். மொதல்ல மலை வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன். இங்கு மற்றபடி அனைவரும் சுகம். மருமகளுக்குக் கழுத்துப் பிடிப்பு மட்டும் இருக்கிறது, காரணம் கீழே வரும். தாங்களும் சுகம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை, தங்களிடமிருந்து கடிதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது.

மலைக்குப் போக நாங்கள் திட்டமிடுவது இது மூன்றாவது கோடை. முதல் கோடையில் எந்த மலை என்று பேசி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. இரண்டாம் கோடையில் மலை முடிவாகிவிட்டது. ஆனால் அறை பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமா, சிகரத்தைப் பார்க்க வேண்டுமா என்று வாக்குவாதம் முற்றி, நானும் என் மகனும் பதினோரு நாள் மருமகள் வழியாகவே பேசிக்கொண்டோம். தங்கள் அக்கா இந்த இரண்டு கோடையிலும் கேட்டது ஒன்றுதான். "முப்பத்தி நாலு வருஷமா மொட்டை மாடியில துணி காயப்போடுறேன். மேகத்தைக் கீழேருந்தே பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது. ஒரே ஒரு தடவை மேலேருந்து பாத்துட்டா போதும்." இந்த வருடம் கோடை பிறந்த முதல் நாள் அவள் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னாள்: "இந்தத் தடவையும் தப்பிப் போச்சுன்னா இனிமே கேக்கவே மாட்டேன், பயப்படாதீங்க." மாப்பிள்ளை, எனக்குப் பயமே அப்போதுதான் பிடித்தது. அவள் கேட்டு நான் செய்யாமல் இருந்தது நிறைய உண்டு. அவள் கேட்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே இம்முறை எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். முப்பத்தாறு வருடம் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன் நான். நான் போட்ட அட்டவணையில் எந்தப் பேருந்தும் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததில்லை. சாலையில் தாமதமாக வந்தன; அது வேறு பிரிவு. முதல் வேலையாக மலை மேல் இருக்கும் விடுதிக்கு நாற்பத்தொரு கேள்விகள் அடங்கிய கடிதம் ஒன்று போட்டேன். சன்னல் எந்தப் பக்கம் திறக்கும், வெந்நீர் எத்தனை மணிக்கு வெந்நீராக இருக்கும், மேகம் வழக்கமாக எத்தனை மணிக்கு அறைக்குக் கீழே இறங்கும், இப்படி அவசியமான கேள்விகள் மட்டும். மேலாளர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்." ஒரு நிர்வாகி எழுதுகிற பதிலா இது? உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். அதற்குப் பின் எட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் என் குரலைக் கேட்டதுமே அந்த மனிதர், "சார், மலை அங்கேயேதான் சார் இருக்கு, எங்கயும் போகல" என்கிறார். எப்படியோ அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி தொடங்கி நான்கு நாளுக்கு, பள்ளத்தாக்கைப் பார்த்து ஒன்று, சிகரத்தைப் பார்த்து ஒன்று என இரண்டு அறைகள் சொல்லியாகிவிட்டது. மகனோடு பேச்சுவார்த்தையும் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

அடுத்து சம்பந்தியம்மாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் மருமகளின் தாயாரைக் கூப்பிடாமல் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? ஆனால் சம்பந்தியை அழைப்பதற்கு ஒரு முறை உண்டு, தங்களுக்குத் தெரியாததா. நாம் "நீங்களும் வரணும்" என்போம். அவர்கள் "ஐயோ, நாங்க எதுக்கு, நீங்க குடும்பமா போயிட்டு வாங்க" என்பார்கள். "நீங்க வேற, நாங்க வேறயா?" என்று நாம் கோபித்துக்கொள்வோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து உடம்பு சுகமில்லை என்பார்கள். நாம் மனம் நொந்தது போலச் சற்று நேரம் இருப்போம். இப்படியாக அவர்கள் வராமல், இரு தரப்பு மரியாதையும் கெடாமல், காரியம் சுபமாக முடியும். இதற்கென்று நான் மூன்று வாரம் ஒதுக்கி, அட்டவணையில் பச்சை மையால் கட்டம் கட்டி வைத்திருந்தேன். வாசலில் நின்று, "நீங்களும் அவசியம் வரணும் சம்பந்தி" என்றேன். அந்த அம்மாள் வீட்டுச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே, "எத்தனை மணிக்கு?" என்றார். அவ்வளவுதான். மூன்று வாரம் காலி, ஓர் இருக்கை நிரம்பிவிட்டது. மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்து வருவது பழக்கமாகிவிட்டது போலும். தங்கள் அக்கா அன்று மாலை வரை காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருக்கை ஏற்பாட்டைச் சரிபார்க்கத்தான் ஒத்திகை என்ற யோசனையே எனக்கு வந்தது. கூடத்தில் நாற்காலிகளைப் பேருந்தில் உள்ளபடி இரண்டிரண்டாகப் போட்டு, எல்லோரையும் உட்காரவைத்தேன். மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நான் முன்னால் நின்று "வலது", "இடது" என்று குரல் கொடுக்க, எல்லோரும் அந்தந்தப் பக்கம் சாய வேண்டும். பதினாலாவது வளைவில் பேத்தி, வயது ஆறு, தன் தகப்பன் மடியில் வாந்தி எடுத்தாள். வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், தரை இம்மியும் அசையாமல். ஒத்திகையின் துல்லியத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? என் மகனோ, "அப்பா, பஸ்ஸே ஏறாம வாந்தி எடுக்க வெச்ச ஒரே ஆள் உலகத்துலயே நீங்கதான்" என்றான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், அடுத்தவர் பார்வையில் குறை சொல்வது அவன் தொழில். பத்தொன்பதாவது வளைவில் நான் "வலது" என்றபோது மருமகள் இடது பக்கம் சாய்ந்து சம்பந்தியம்மாளின் தலையோடு மோதிக்கொண்டாள். கழுத்துப் பிடிப்பு அப்போது வந்தது. மறுநாள் குளிர்கால உடைகளுக்கான சோதனை. நல்ல வெயிலில் சன்னல்களைச் சாத்திவிட்டு, கம்பளிச் சட்டை, குல்லாய், கழுத்துத் துண்டு சகிதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிய கூரியர்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சலா சார்?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பெட்டிகள் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவரவர் பெட்டியை அவரவர் தூக்கிக்கொண்டு, மின்தூக்கியைத் தொடாமல், நான்காவது மாடி வரை ஏறி இறங்க வேண்டும். மகன் இரண்டாவது மாடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைத் தாண்டிக்கொண்டு சம்பந்தியம்மாள் இறங்கி வந்தார், இறங்கும்போது அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சோம்பல்" என்று சொல்லிவிட்டு வந்தார். தங்கள் அக்கா ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்கக்கூட இல்லை, "இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். இந்த உற்சாகத்தை நான் மற்றவர்களுக்கு உதாரணமாகச் சுட்டிக்காட்டினேன். அவர்கள் ரசிக்கவில்லை.

போன புதன்கிழமை புறப்பாட்டு ஒத்திகை. காலை ஐந்து பத்துக்கு வீட்டை விட்டு வெளியேறி, தெருமுனையிலிருக்கும் நிறுத்தத்தில் ஐந்து முப்பத்தைந்து பேருந்தைச் சந்திக்க வேண்டும். ஏறக் கூடாது, சந்தித்தால் போதும். விடைத்தாள் கட்டைத் தேடிய மருமகள் ஐந்து ஐம்பதுக்கு வந்தாள். மகன் ஆறு இருபதுக்கு, பல் துலக்கியபடி வந்தான். நானே ஐந்து நாற்பதுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றதால் ஏற்பட்ட தாமதம் அது. தங்கள் அக்காவும் சம்பந்தியம்மாளும் மட்டும் ஐந்து ஐந்துக்கே பெட்டிகளோடு நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள். நான் போனபோது இருவரும் சாலையின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பஸ் வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு. போயிடுச்சு" என்றாள் தங்கள் அக்கா. இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். இந்த அனுபவத்தின் பயனாக ஏழாவது விதி சேர்க்கப்பட்டது: பேருந்து வந்துவிட்டால் யாருக்காகவும் யாரும் காத்திருக்கக் கூடாது, நான் உட்பட. அதை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நாளைக் காலை முழு ஒத்திகை. பெட்டி, மருந்துப் பை, வாந்திக்கான காகிதப் பைகள் எல்லாம் நிஜம் போலவே. இது நல்லபடி முடிந்தால், பன்னிரண்டாம் தேதிப் பயணத்தில் இனி சந்தேகமே இல்லை. அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு மலையடிவாரச் சந்திப்பில் எங்கள் பேருந்து பன்னிரண்டு நிமிடம் நிற்கும். தாங்கள் அங்கே இடப்பக்கமாக நின்றுகொண்டிருந்தால் ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். வலப்பக்கம் நிற்க வேண்டாம், அங்கே வெயில். தங்களுக்கான பெட்டியின் எடை, கொண்டுவரக் கூடாத பொருட்கள், சன்னலோர முறை ஆகியவை அடங்கிய பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். விடுப்புக்கு இன்றே எழுதிக்கொடுத்துவிடுங்கள். தங்கள் அக்கா மேகத்தை மேலிருந்து பார்க்கும் நேரத்தில் நம் குடும்பத்தில் யாரும் குறையக் கூடாது என்பது என் எண்ணம்.

தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பெரியவனுக்குச் சளி விட்டதா? எல்லோரும் நீண்ட ஆயுளோடும், முடிந்தவரை நேரம் தவறாமலும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: ஒத்திகையின் முடிவையும் சேர்த்து அனுப்பலாமே என்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை ஒத்திகை நடந்தது. மகனும் மருமகளும் "ஒத்திகைதானே" என்று எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் கதவைத் தட்டியதில் எனக்கு நேரமாகிவிட்டது. நான் நிறுத்தத்தை அடைந்தபோது மணி ஐந்து முப்பத்தாறு, பேருந்தின் பின்பக்கம் தெரிந்தது. நிறுத்தத்தில் நம்மவர்கள் யாரும் இல்லை. அங்கே பத்திரிகை விற்பவர்தான் விவரம் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க சார். அப்புறம் பெட்டியைத் தூக்கினாங்க, ஏறினாங்க. சார் வரட்டும்மா, ஒரு நிமிஷம் நிறுத்துறேன்னு கண்டக்டர்கூடச் சொன்னாரு. உங்க வீட்டம்மாதான், அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாது, விதி இருக்கு, விசில் குடுங்கன்னாங்க." ஏழாவது விதி. எழுதியவன் நான்.

மதியம் விடுதி மேலாளரே கூப்பிட்டார். அவர் குரலில் இவ்வளவு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை. "சார், உங்க வீட்டம்மா வந்துட்டாங்க சார். ஒரு கேள்விகூடக் கேக்கல சார். சாவி எங்கேன்னு மட்டுந்தான் கேட்டாங்க." மாலையில் தங்கள் அக்கா பேசினாள். "என்னங்க, கீழே கிடக்குங்க" என்றாள். "எது?" என்றேன். "மேகந்தான். வேற என்ன. சம்பந்தி கை தட்டுறாங்க, கேக்குதா?" கேட்டது. புறப்பட்டது ஐந்து பத்து, ஏறியது ஐந்து முப்பத்தைந்து, மலை சேர்ந்தது பன்னிரண்டு ஐம்பது என்று அவளாகவே சொன்னாள். என் அட்டவணையிலும் பன்னிரண்டு ஐம்பதுதான். நான் போட்ட அட்டவணை ஒன்று சாலையில் நிமிடம் பிசகாமல் ஓடியது இதுவே முதல் தடவை. குறிப்பேட்டில் பதிந்துவிட்டு, கொஞ்ச நேரம் சன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

ஆகையால் மேலே எழுதிய பன்னிரண்டாம் தேதி, மலையடிவாரச் சந்திப்பு, இடப்பக்கம், பெட்டியின் எடை ஆகியவற்றைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகத் தங்கள் அக்கா சொன்னாள். இன்று அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.