ஏரியோடு போட்டி போட்ட ஜீப்

சிட்லபாக்கம் ஏரியைச் சொந்தப் பங்காளியாக நினைத்துச் சண்டை போட்ட ஒரே மனிதர், எங்கள் ஹவுஸ் ஓனர் நாலிஞ்ச் அண்ணன்தான். ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருமுனைக்கு வந்து அவருடைய ஜீப்பின் வயிற்றைத் தொட்டுவிட்டது. அவமானம் தாங்காமல் வண்டியை இரும்புலியூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், உயரமான ஸ்பிரிங் போட்டு இரண்டு இஞ்ச் தூக்கினார். தெரு அவருக்கு ‘ரெண்டிஞ்ச்’ என்று பெயர் வைத்தது. அடுத்த மழையில் தண்ணீரும் ஏறியது. அண்ணன் மறுபடி மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

“ரெண்டே போதும்ணா. அதுக்கு மேல தூக்கினா திருப்பத்துல சாயும்” என்றார் மெக்கானிக்.

“இந்த மழைல தண்ணி எத்தினி ஒசரம் வந்துச்சோ, அத்தினி தூக்கு. நீ மெக்கானிக்கா, ஏரிக்கு வக்கீலா?”

நாலிஞ்ச் ஆனார்.

அந்த ஜீப் மலையையும் பார்த்ததில்லை, காட்டையும் பார்த்ததில்லை. அதிகபட்சம் ஊரப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. கேட்டால், “நம்ம தெருவுல ட்ரெயினேஜுக்கு வெட்டி வெச்சிகிறாங்களே, அத்த வுட இன்னாமா மல வேணும்?” என்பார். ஹெட்லைட் தன் மாடிப் படுக்கையறையில் விழுகிறது என்று எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க் சார் புகார் சொன்னார். அண்ணனின் மனைவி வள்ளியக்கா வண்டியில் ஏறவே மறுத்துவிட்டார். “கோயிலுக்குப் போறதுக்கு நான் இன்னாத்துக்குயா பரங்கிமல ஏறணும்?” என்று பஸ் பிடித்தார்.

அடுத்த வருடம் மழைக்குச் சற்று முன்பு, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு போட்டார்கள். வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டதே என்று தெருவே புலம்ப, அண்ணனுக்கு மட்டும் கொண்டாட்டம். “பாத்தியா, ரோடு போடறவனே எனக்கு ஃப்ரீயா லிஃப்ட் குடுத்துட்டான்!” போர்ட்டிகோவிலிருந்து புது ரோட்டுக்கு ஏற சிமெண்டில் ஒரு சரிவு கட்டினார். உள்ளே நின்ற ஜீப்பை வெளியே எடுக்காமல் துடைத்து வைத்து, முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி வெள்ளத்துக்குக் காத்திருந்தார்.

வெள்ளம் என் பரீட்சை நாளில் வந்தது. நானும் அம்மாவும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், கல்லூரி முடித்தவளும் நான். யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று அரசு வேலைக்கான தேர்வு. அதற்காகவே அம்மாவின் சம்பளத்தில் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் தேர்வு மையம். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டால் அழுதாலும் திறக்க மாட்டார்கள். தெருமுனையில் முழங்கால் தண்ணீர். ஓர் ஆட்டோவும் வரவில்லை.

“நான் கீறப்போ உனக்கு இன்னாமா கவல? ஏறு!” என்றார் அண்ணன்.

ஏறினேன். இன்ஜின் உறுமியது. முன் சக்கரங்கள் சரிவில் ஏறின. தலைக்கு மேல் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

சரிவில் தூக்கிய ஜீப்பின் கூரை, வாசல் கேட்டுக்கு மேலே கட்டியிருந்த ஆர்ச்சில் முட்டி நின்றது. இறங்கிப் பார்த்தார். இரண்டு விரல் அகலம் இடித்தது.

“ஏரிய அளந்தேன், ரோட்ட அளந்தேன்... என் வூட்டு வாசல அளக்கலியேம்மா!”

உள்ளே ஓடிக் கடப்பாரையோடு வந்தார். “யோவ், அத்த நீ இடிச்சி முடிக்கறதுக்குள்ள பரீட்ச முடிஞ்சிரும்” என்று வள்ளியக்கா தடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைத் தேற்றுவதற்காக, இத்தனை மாதம் ஏறாத ஜீப்பில் அக்கா மூச்சு வாங்க ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் முனகியது. கூரை கொஞ்சம் கீழே இறங்கியது.

அண்ணன் கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினார்: “எல்லாரும் வந்து ஏறுங்க!”

அம்மா ஏறினாள். பால்காரர் ஏறினார். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் ஏறினார்கள். ஒல்லியான பேங்க் சார் காலைத் தூக்கி வைத்தபோது அண்ணன் மறித்தார். “சார், உங்களால பிரயோஜனம் இல்ல. வூட்ல மேடம் கீறாங்களா?”

“ரெண்டு பேருமே வரோம்யா. நீ ஓட்டு!”

கூரையில் நீளமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஜீப் வெளியே வந்தது. வந்த பிறகு ஒருவரும் இறங்கவில்லை. எல்லோருக்கும் ஜீப்பில் வெள்ளம் பார்க்கும் ஆசை. வழியெல்லாம் பேங்க் சார் பொது அறிவுக் கேள்வி கேட்டு என் பதற்றத்தைக் கூட்டினார். நாலு இஞ்ச் தூக்கிய வண்டி, ஆள் பாரத்தில் அமுங்கி, ஷோரூமிலிருந்து வந்த பழைய உயரத்துக்கே இறங்கியிருந்தது.

“இதான்யா கரெக்டு ஒசரம்” என்றார் வள்ளியக்கா. “ஏற எறங்க வசதி.”

அண்ணன் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

பாதி சாத்திய கேட்டின் முன்னால் போய் நின்றோம். வாட்ச்மேன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், எத்தினி பேரு எழுதறாங்க?”

“ஒரே ஒரு பொண்ணுதான்பா” என்றார் அண்ணன். “மத்ததெல்லாம் வெயிட்டு.”

தேர்வை நன்றாகவே எழுதினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வெளியே வந்தபோது வெயில் அடித்தது. அதுவரை நான் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் வெளியே எனக்காக யாரும் நின்றதில்லை. அம்மாவுக்கு லீவு கிடைக்காது. அன்று ஜீப் அதே இடத்தில் நின்றது, ஒருவர்கூடக் குறையாமல்.

“இன்னும் போகலையாண்ணா?”

“வண்டிய திரும்ப உள்ள வுடணும்ல? வெயிட்டு வேணாவா?” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

தெருவிலேயே நிறுத்தலாமே என்று நான் கேட்கவில்லை. நடுவில் எனக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். ஏறிக்கொண்டேன்.