ஒருமுறை அளந்தவர்

ஒருமுறை அளந்தவர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியும். பெயர்தான் இப்போது நான் சூட்டுகிறேன். ஏதோ ஒரு நல்ல நாளில் ஏதோ ஒன்றை அளந்து, எதிர்பார்த்ததைவிட நல்ல எண் ஒன்றைக் கண்டு, அந்த எண்ணை நாலு பேரிடம் சொல்லி, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்லி, அதன் பிறகு அந்தப் பொருளின் பக்கம் எந்த அளவுகோலையும் அண்டவிடாதவர் அவர். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் பத்துத் தடவை அளப்பார். அடுத்தவர் அளந்ததைப் பதினோரு தடவை அளப்பார். அந்த ஒன்றை மட்டும் தொட மாட்டார்.

இந்த இனம் எங்கும் விளையும். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது பல்கலைக்கழகத்தில், அதுவும் பொருளறிவியல் ஆராய்ச்சிக் குழுக்களில். பொறுப்போடுதான் சொல்கிறேன். அப்படியொரு குழுவில் அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது பத்தொன்பது வருடமாக என் வேலை. எல்லாரும் என்னை மிஷின் சார் என்பார்கள். நல்ல எண் வந்தால் அது அவர்களுடைய மூளை. மோசமான எண் வந்தால் அது என்னுடைய மிஷின். இப்படித்தான் இத்தனை வருடமும் பிழைப்பு ஓடுகிறது.

உங்கள் குழுவில் என்னதான் செய்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், பொடியைச் சுடுகிறோம் என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. நாலு விதப் பொடியை எடை போட்டு, மணிக்கட்டு கழன்று விழும்வரை கல்வத்தில் அரைத்து, அச்சில் அழுத்தி, இரண்டு நாள் உலையில் வேகவைத்து எடுத்தால், மாத்திரை அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை கிடைக்கும். பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்தது; மின்சாரத்துக்கு அதில் ஓடப் பிடிக்காது. எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வாழ்நாள் ஆசை. வில்லையின் மேல் வெள்ளிப் பசையால் நாலு பொட்டு வைத்து, பொட்டுக்கு ஒரு கம்பி ஒட்டி, என் கருவியில் மாட்டினால், எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஓடாது.

எங்கள் குழுவின் ஒருமுறை அளந்தவருக்கு அண்ணன் என்று பெயர். பேராசிரியருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. ஏழு வருடத்துக்கு முன் அவர் சுட்ட பதினேழாம் நம்பர் வில்லையில், அதற்கு முந்தைய பதினாறைப் போல ஆயிரம் மடங்கு மின்சாரம் ஓடியது. கட்டுரை வெளிவந்தது. கைதட்டினார்கள். நடைக்கூடத்தில் அந்த வரைபடம் இன்றும் சட்டம் போட்டுத் தொங்குகிறது: அடியில் எறும்பு மாதிரி பதினாறு புள்ளிகள், உச்சியில் தன்னந்தனியாக ஒன்று. அந்தப் பதினேழை அதன் பிறகு யாரும் அளந்ததில்லை.

அது எங்கே இருக்கிறது? ஈரம் படாத கண்ணாடி ஜாடிக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் வில்லை, ஒட்டிய கம்பிகளோடு அப்படியே. ஜாடி இருக்கும் அலமாரியின் சாவி அண்ணனின் சட்டைப் பையில். வெளியூர் விஞ்ஞானிகள் வந்தால் அலமாரியைத் திறந்து, ஜாடியை ஒரு முழத் தூரத்தில் வைத்துக் காட்டுவார். "நாங்க இதை அளந்தப்போ" என்று ஆரம்பிப்பார். அன்று அறையில் இருந்தது அவர் ஒருவர்தான். வெற்றி வந்துவிட்டால் 'நான்' தானாகவே 'நாங்க' ஆகிவிடுகிறது.

யாராவது ஓர் ஆர்வக்கோளாறு, "இப்போ ஒரு தடவை பாத்துடலாமே" என்று சொல்லிவிட்டால் போச்சு. வெளியே தூறல், காற்றில் ஈரம். தூறல் இல்லையா, வெயில், கம்பி விரியும். இரண்டும் இல்லையென்றால் பக்கத்து அறையில் பம்பு ஓடுகிறது, தரை அதிர்கிறது. பம்பையும் நிறுத்திவிட்டால், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

"மிஷின் சார், கோச்சுக்காதீங்க. உங்க மிஷின் இப்போ முன்னே மாதிரி இல்ல."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? அந்த மிஷினில்தான் மற்ற எல்லா வில்லைகளையும் அளந்து மற்ற எல்லாரையும் அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

இது வேலை செய்யும் இடத்தில் மட்டும் பிடிக்கும் நோய் என்றும் எண்ண வேண்டாம். குழுவினர் குடும்பத்தோடு கூடிச் சாப்பிட்ட ஒரு நாள் அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஆறு வருஷமா பிரஷர் பாக்க வாங்கன்னு கூப்பிடுறேன் சார். கடைசியா பாத்தப்போ டாக்டர், இருபது வயசுப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாராம். அதையே சொல்லிக்கிட்டு மூணாவது தடவையா பெல்ட்டுல ஓட்டை போடுறாரு" என்றார். அண்ணன் காதில் விழாத மாதிரி தண்ணீர் குடித்தார்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் வருட ஆராய்ச்சி மாணவி. பதினேழைப் போல இன்னொன்றைச் சுட்டுக் காட்டுவதுதான் அவள் ஆய்வு. எழுத்தில் சுலபமாக இருந்தது. நாலு வருடத்தில் நாற்பத்தொரு வில்லை சுட்டாள். நாற்பத்தொன்றும் எறும்புகளோடு எறும்பாகக் கீழேயே படுத்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். முதலில் பொடி. பிறகு உலை. பிறகு அவள்.

"எந்தக் கையால அரைக்கறே?"

"வலது கைதான் அண்ணா."

"அதான் பாத்தேன். நான் இடது."

நம்புவீர்களா? அந்தப் பெண் இரண்டு வாரம் இடது கையால் அரைத்தாள். தண்ணீர் பாட்டிலை இடது கையால் தூக்க முடியாமல் வலது கைக்கு மாற்றியதை நானே பார்த்தேன். அறிவியல் படித்துப் பட்டம் வாங்கிய ஒன்பது பேர் சுற்றி நின்று, ஆமாம், கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது என்று தலையாட்டினார்கள். ஒருமுறை அளந்தவர் தனியாக வாழ்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தலையாட்டச் சுற்றிலும் ஒன்பது பேர் இருந்தால்தான் அவருக்கு ஜீவனம்.

பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் நாள்காட்டிக்காரர். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வில்லையாவது மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் தலைப்பை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலிலிருந்து என்றால் இன்னும் நாலு வருடம். அவள் அப்பாவும் வாரம் தவறாமல் போன் செய்து, "இன்னும் அரைச்சுக்கிட்டுதான் இருக்கியாம்மா?" என்று கேட்பாராம். அவர் அன்பாகத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் அண்ணன் நாற்பத்தொன்றாம் வில்லையைக் குறுக்கு விசாரணை செய்து முடித்ததும் அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, பதினேழை ஒரு தடவை அளந்து பாக்கலாம். அது அப்படியே இருந்தா என் கைதான் சரியில்ல. நான் வேற வேலைக்குப் போயிடறேன். அதை மட்டும் நான் தெரிஞ்சுக்கணும்."

தூறல், வெயில், பம்பு எதுவும் அன்று அவர் வாயில் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஏழு வருடத்துக்கு அந்த அலமாரி திறக்காது என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். தோற்றிருப்பேன். மறுநாள் காலை நான் அறையைத் திறக்கும்போது, அவர் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எனக்கு முதல்முறையாக அவர்மேல் மரியாதை வந்தது.

அவளையும் பேராசிரியரையும் கூப்பிட்டேன். வில்லையை எடுத்துக் கம்பிகளை மாட்டினேன். எண் வந்தது. அதே எண். கட்டுரையில் போட்டிருந்த அதே எண், கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அண்ணன் சிரிக்கவில்லை. ஏழு வருடம் அடக்கிவைத்த மூச்சை விட்ட மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளாமலேயே, "மைக்ராஸ்கோப்ல வெச்சு ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தோற்றவள் கேட்கிறாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தோம்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து, என்னைப் பார்க்கச் சொன்னாள்.

வில்லையின் ஓரத்தில், ஒரு பொட்டிலிருந்து கிளம்பி அடுத்த பொட்டு, அதிலிருந்து அடுத்தது என்று, தலைமுடிபோல ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு. ஈரமாக இருந்தபோது பசை வழிந்திருக்கிறது. மின்சாரம் வில்லைக்குள் நுழையவே இல்லை; பசை போட்டுக் கொடுத்த குறுக்குப் பாதையில் ஜாலியாக நடந்து போயிருக்கிறது. உலகம் கைதட்டியது வெள்ளிக்கு. வெள்ளியில் மின்சாரம் நன்றாக ஓடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

அவள் பிளேடு எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டைச் சுரண்டினாள். மறுபடி மாட்டினேன். பதினேழு மேலே இருந்து இறங்கி, பதினாறு எறும்புகளோடும் அவளுடைய நாற்பத்தொன்றோடும் வரிசையில் சேர்ந்துகொண்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அன்னிக்கே ஓரத்துல ஏதோ மின்னுச்சு. துடைச்சுட்டு இன்னொரு தடவை பாக்கலாம்னு துணியைக்கூட கையில எடுத்தேன். எடுத்துட்டு, துடைச்சா ரீடிங் போயிடுமோன்னு வெச்சுட்டேன்."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் என் மிஷினைத் திட்டிய மனிதர். சிரிப்பு வரவில்லை. அந்தத் துணியைக் கீழே வைத்த கணத்திலிருந்து இந்த மனிதர் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா என்று யோசித்தேன். பாவமாக இருந்தது. கட்டுரையில் தவறு இருக்கிறது என்று பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார்.

கதை இங்கே முடிந்தது, பெண் ஜெயித்தாள் என்று நீங்கள் புத்தகத்தை மூடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவள் மூடவில்லை.

"மிஷின் சார்," என்றாள், "இப்போ என் நாற்பத்தொண்ணும் சரின்னு ஆகணும்னா மிஷின் சரின்னு ஆகணும். டெஸ்ட் பெட்டி இருக்குல்ல, அதை மாட்டிப் பாத்துடலாமா?"

கருவியோடு ஒரு சின்னப் பெட்டி கொடுப்பார்கள். அதன் அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். மாட்டினால் கருவி அந்த எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கருவி பொய் சொல்கிறது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் சோதித்தேன். அச்சு அசலாகக் காட்டியது. அந்தச் சந்தோஷத்தில் கருவியின் நெற்றியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பச்சை வெளுத்து வெள்ளையாகிவிட்டது.

"அதெல்லாம் கரெக்டா இருக்கும்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பெட்டி எங்கேயோ உள்ள கிடக்கு. தேடணும்."

பெட்டி என் மேஜையின் முதல் இழுப்பறையில் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடம், எத்தனை வில்லைகள், எத்தனை பேருடைய பட்டங்கள். கடைசியில் எடுத்தேன். மாட்டினேன். எண் வருவதற்கு நாலு விநாடி ஆகும். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள்தான் வாசித்தாள். சரியாக இருந்தது. நாற்பத்தொன்றும் சரி. பதினேழு தவறு என்று காட்டியதே ஓர் ஆய்வுதான் என்று, அந்த மாதக் கடைசியில் பேராசிரியர் அவளை முடித்து எழுதச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் போன் செய்து, அரைத்தாயிற்று என்று சொன்னாளாம்.

ஆக, சரியாக இருந்தது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். இதை எழுதுபவனும் அந்த இனம்தான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. இனி உங்களுக்குச் சிரிக்க வசதியாக இருக்கும். உங்களிடம் ஜாடியும் இல்லை, மிஷினும் இல்லை, சட்டைப் பையில் அலமாரிச் சாவியும் இல்லை. எதையும் ஒருமுறை அளந்துவிட்டு மூடி வைப்பவர் இல்லை நீங்கள்.

நல்லது. அப்படியானால் ஒரே ஒரு சந்தேகம். உங்களோடு வாழ்கிறவரிடம், கல்யாணமான புதிதில், "என்கூட சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டிருப்பீர்கள். "ம்" என்று பதில் வந்திருக்கும். அவர் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார். போய் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாருங்களேன்.