மைக்செட்டும் பவுடர் போட்ட குட்டியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கரண்ட் போய்விட்டாலும் மைக்செட் ஒருவர் இருந்தால் போதும், வழியிலுள்ள அத்தனை ஊர்த் திருவிழாவையும் நடத்திவிடலாம். கோயில் விழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர். ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. குழாய்களுக்கு நடுவிலேயே வாழ்ந்ததில், தான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை என்று அவருக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

திருவந்திபுரத்தில் ஒரு முகூர்த்த நாள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மைக்செட் என் காதருகே குனிந்து, "மாப்ள, யார்கிட்டயும் சொல்லாத. பாயசம் அடிபுடிச்சிருக்கு" என்று ரகசியம் சொன்னார். எங்கள் பந்தியில் பாயசத்தை ஒதுக்கினார்கள், சரி. பக்கத்து மண்டபத்திலும் ஒதுக்கிவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே பி.முட்லூர் டீக்கடைக்குத் தெரிந்ததும் இவர் தயவால்தான்.

இவர் வீட்டுக்கு அடுத்ததுதான் என் பண்ணை. பண்ணை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். புதுச்சத்திரம் பக்கம் அரை ஏக்கர், ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு செம்மறி. வாரத்தில் ஆறு நாள் கடலூரில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ஆடு. செல்போனில் வீடியோ பார்த்து இறங்கினேன். வீடியோவில் ஆடுகள் தாமாகவே வளர்ந்தன.

அந்த ஞாயிறு பட்டியின் இரும்புக் கதவை நான்தான் சாத்தினேன். நடுவில் பத்து நாள் குட்டி ஒன்றின் பின்னங்கால் இருந்தது. குட்டி ஒரு முறை கத்தியது. நான் ஏழெட்டு முறை கத்தினேன். கத்தி முடித்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

"பேஷண்டுக்கு என்ன வயசு சார்?"

"பத்து நாளும்மா."

"ஐயோ! குழந்தைக்கு எங்க அடி?"

"பின்னங்கால்ல."

"சார், மாட்டு டாக்டருக்குப் பண்ணுங்க" என்று பொறுமையாகச் சொல்லி வைத்தார் அந்தப் பெண்.

மாட்டு டாக்டர் அரை மணியில் வருவதாகச் சொன்னார். அந்த அரை மணிதான் வில்லங்கம். எங்கள் வீட்டில் டாக்டரைப் பார்ப்பதென்றால் எவ்வளவு காய்ச்சலடித்தாலும் முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டுதான் பார்ப்போம். டாக்டர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? பதற்றத்தில் மூளை லீவு போட்டுவிட, கை மட்டும் பழக்கத்துக்கு வேலை செய்தது. குட்டியை வாசனை சோப்பால் துடைத்து, கொட்டகை அலமாரியில் மனைவி வைத்திருந்த சந்தனப் பவுடரைத் தலை முதல் வால் வரை பூசிவிட்டேன்.

டாக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "வீட்ல ஏதாவது விசேஷமா?" என்றார். மூங்கில் பத்தை வைத்துப் பஞ்சு சுற்றிக் கட்டுப் போட்டார். "கால் கூடிடும். ஆனா தாய்ப்பால் குடிச்சாவணும். குடிக்கலன்னா தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தாயிடம் விட்டேன். அது முகர்ந்து பார்த்தது. தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. எடுத்து நிறுத்தினேன், மறுபடியும் முட்டு. புட்டியில் பால் கொடுத்தால் குட்டி துப்பியது. காலையும் உடைத்து, பெற்றவளிடமிருந்தும் பிரித்த மகாபாவி நான் என்று தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னா மாப்ள, ஆடு ஏன் குட்டிய முட்டுது?"

வேலிக்கு அப்பாலிருந்து மைக்செட். அந்த ஒரு கேள்விக்கே ஐந்து ஆடுகள் மூலையில் போய் ஒண்டின. உள்ளே வந்து குட்டியைத் தூக்கி முகர்ந்தார்.

"எந்த அறிவாளி இதுக்குப் பவுடர் அடிச்சது?"

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"ஆடு மூக்காலதான் புள்ளைய பாக்கும் மாப்ள. நீ பொண்ணு பாக்க கெளம்பறவனாட்டம் ஜோடிச்சு உட்டா, யாரு வூட்டுப் புள்ளையோன்னு முட்டாம இன்னா செய்யும்?"

ஈரத்துணியால் பவுடரைத் துடைத்தார். தாயின் மடியில் பாலைப் பீய்ச்சி, குட்டியின் தலையிலும் முதுகிலும் வாலடியிலும் தடவினார். அப்போதும் சந்தனம் மணத்தது. "சரி, இதுக்கும் பூசு. ரெண்டும் ஒரே வாசனையா கெடக்கட்டும்" என்று தாய் ஆட்டின் மூக்கிலும் மிச்சப் பவுடரை அப்பினார். அது சம்பந்தி அம்மா மாதிரி விறைத்து நின்றது.

"இனிமே சத்தமே கூடாது மாப்ள!"

ஆடு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் குதித்து ஓடியது. மைக்செட் என்னைப் பார்த்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன். அறுபது வருஷமாக யாரும் சொல்லத் துணியாத விஷயத்தை ஓர் ஆடு சொல்லிவிட்டது. பேசாமல் துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, ஆட்டைப் பிடித்து வந்து, சுவரோரம் அணைத்தபடி குந்தினார்.

கால் மணி ஆகியிருக்கும். ஆலப்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். "மாமா, திருவிழாவுக்குச் செட்டு வேணும். எத்தினி கொழா கட்டுவீங்க?"

மைக்செட் நாலு விரலைக் காட்டினார்.

"ஏன் பேச மாட்டேன்றாரு?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று சோகமாகத் தலையாட்டினேன். வாயில் துண்டு, ஆட்டை அணைத்ததில் முகமெல்லாம் ஒட்டிய பவுடர், பவுடர் பட்டுக் கலங்கிய கண். "வாய் இழுத்துக்கிச்சு போல" என்று ஒருவர் இன்னொருவரிடம் முணுமுணுக்க, பைக்கைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

அவர்கள் போகிற வழியில் சொல்லி, கொஞ்ச நேரத்தில் தெருவே வேலியோரம் நின்றது. ஒருவர் கையில் வாழைப்பழம், ஒருவர் கையில் பிரெட். நான் சைகையில் விளக்கப் போக, எனக்கும் இழுத்துக்கொண்டதாக முடிவு கட்டினார்கள். மைக்செட்டின் சம்சாரம் ஓடிவந்தார். கல்யாணமான நாளிலிருந்து, வாயை மூடுங்க என்று புருஷனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் அவர்.

"ஒரு வார்த்த பேசுங்களேன்! திட்டவாச்சும் திட்டுங்க!"

மைக்செட் ஒரு கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினார். பார்வை ஆட்டின் மூக்கிலேயே இருந்தது. அது குனிந்து குட்டியின் வாலடியை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. எங்கே முட்டிவிடுமோ என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, குட்டி மூங்கில் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு மடிக்கு அடியில் இருந்தது. வால் படபடவென்று ஆடியது. மைக்செட் துண்டை எடுத்தார். என் காதருகே குனிந்தார். "குடிக்குது மாப்ள" என்றார். வேலியோரம் நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஆடு குட்டியை நக்கத் தொடங்கியதும் வெளியே போய், "எனக்கு இன்னாடி கேடு? கல்லாட்டம் இருக்கேன்!" என்று கூட்டத்தைக் கலைத்தார். அந்தக் குரல் வழியிலேயே காதில் விழுந்து, ஆலப்பாக்கத்து ஆட்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து செட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கால் கூடிவிட்டது. கதவைச் சாத்த நான் போனால் மட்டும் குட்டி இன்னும் எட்டிப் போய் நிற்கிறது. மைக்செட் இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்ன ஆயிரம் ரகசியங்களில், எனக்கு மட்டும் கேட்டது அந்த இரண்டு வார்த்தைதான். இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தேன்.