டச்சப் அக்கா தொடாத படம்

தொண்ணூறுகளில் பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை வரை நடந்த கல்யாணங்களில் பாதியைச் சேர்த்து வைத்தவரும், மீதியைக் கலங்கடித்தவரும் ஒரே ஆள்தான்: எங்கள் டச்சப் அக்கா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை. பென்சிலைக் கூராகச் சீவி, நெகடிவில் பெண்களின் முகத்தின் மேல் பையப் பையத் தேய்ப்பார். பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். கறுப்பாக வந்து உட்கார்ந்த பெண் சிவப்பாகக் கவருக்குள் போவாள். அப்படிப் போன ஒருத்தியை நேரில் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், "ஏமாத்திட்டியளே!" என்று கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண் நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"படத்துல இருக்கவள நான் எங்கனக்கா போய்த் தேடுவேன்?"

அன்றே அக்கா பென்சிலை ஒடித்தார். பருவை எடுப்பேன், தழும்பை எடுப்பேன், நிறத்தில் மட்டும் கைவைக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ மாடியில் பெண்கள் சங்கம் தொடங்கிவிட்டது.

பீடி சுற்றுகிறவர்கள், தையல்காரிகள், டீச்சர்கள், டைப்பிஸ்டான நான், எல்லோருக்கும் ஒரே ஜமுக்காளம். சட்டமும் ஒன்றுதான். யாருடைய நிறத்தையோ சாதியையோ இளக்காரமாகப் பேசினால் அன்று மாடியைப் பெருக்க வேண்டும். முதலில் மாட்டியவர் ஸ்டூடியோ முதலாளி. புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, "பிள்ள லெச்சணந்தான், நெறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"அண்ணாச்சி, வாரியல் அங்கன இருக்கு" என்றார் அக்கா.

பெருக்கினார். அதன்பிறகு படியேறும்போதே மனுஷன் வாயைப் பொத்திக்கொள்வார்.

சங்கத்துச் செல்லம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் அவளுக்கு மட்டும் தனி டம்ளர், அதுவும் கொல்லைப்புறத்தில். கேள்விப்பட்ட அக்கா எங்களையெல்லாம் திரட்டிக்கொண்டுபோய் அந்தக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்தார். வீட்டம்மா பதறிப்போய், "ஏன் இங்கன இருக்கிய? உள்ள வாங்க" என்றார்.

"இருக்கட்டும்மா. செல்லம்மா குடிக்கிற டம்ளர்லயே எங்களுக்கும் காப்பி தாங்க. வரிசையா குடிக்கோம், ஒண்ணும் அவசரமில்ல."

அக்கம்பக்கம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது. வீட்டம்மாவுக்கு மானம் போய்விட்டது. கடைசியில் செல்லம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, எல்லோரோடும் சமமாக உட்காரவைத்து, வீட்டு டம்ளரிலேயே காப்பி கொடுத்தார். அந்தத் தனி டம்ளரை அக்கா விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிவந்து, தன் மேஜையில் பென்சில் போட்டுவைத்தார்.

பிறகு என் முறை. வந்த வரன்களெல்லாம் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. அம்பாசமுத்திரத்து வரனும் போனால் அம்மா படுத்துவிடுவாள் என்ற நிலைமை. "இந்த ஒரு தடவ மட்டும் கொஞ்சம் வெளுத்துக் குடும்மா" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். எனக்கும் அந்த வெள்ளை முகம் வேண்டியிருந்தது.

அக்கா என்னையே பார்த்தார். "சரி, போங்க" என்றார். மறுநாள் கவரை ஒட்டியே கொடுத்தார். "பிரிச்சுப் பாத்திய, கைராசி போயிரும்!" அம்மா பயந்துபோய் அப்படியே தபாலில் சேர்த்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு போய் நின்றேன். படத்தில் இருக்கிறவளைத் தேடுவார்களே என்று நான் நிமிரவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா, நிமிந்து பாரு. போன வீட்லயெல்லாம் படத்துல ஒருத்தி, காப்பி கொண்டாறவ வேற ஒருத்தியால்லா இருந்தா! இங்கனதான் ரெண்டும் ஒரே பிள்ள."

எட்டிப் பார்த்தேன். அக்கா தொடவே இல்லை. என் கறுப்பு அப்படியே இருந்தது. கல்யாணப் பந்தியில் அக்கா சிரித்த சிரிப்பில் இலையிலிருந்த அப்பளம் நொறுங்கியிருக்கும்.

பிறகு கலர் லேப்கள் வந்தன, ஸ்டூடியோவை மூடினார்கள், அக்கா பம்பாயில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பம்பாயிலிருந்து யார் வந்தாலும் விசாரிப்பேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மாடிக்காகவும் அந்த ஜமுக்காளத்துக்காகவும் இன்றும் மனம் ஏங்குகிறது.

இப்போது என் மகள் போனில் என்னைப் படம் எடுக்கிறாள். கேட்காமலே அது என்னை வெளுத்துத் தள்ளுகிறது.

எங்கன இருக்கிய, அக்கா? நான் இன்னும் அதே நெறத்துலதான் இருக்கேன். எதுக்க வந்தா ஒங்களுக்கு அடையாளம் தெரியும்.