வேலுச்சாமி பேரில் விழுந்த பழங்கள்

‘தொம், தொம்’ என்று சத்தம். யாரோ மாவு இடிக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு சாபிரா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். டி.வி. முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அனுசுயா குதித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வேலுச்சாமி நாற்காலியில் சாய்ந்து கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஏக்கா, யாருக்கு ஒடம்பு சரியில்லைன்னு டாக்டர் இதைக் குடுத்தாக?”

“அவுகளுக்குத்தான்” என்றாள் அனுசுயா, மூச்சு வாங்காமல்.

வேலுச்சாமிக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் இரவு வேலை. ஊர் தூங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது பரோட்டா தின்று தூங்கியே காலத்தை ஓட்டியதில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தொப்பை நான்கும் கூட்டணி அமைத்து அவருக்குள் ஆட்சியைப் பிடித்துவிட்டன. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றார் டாக்டர் ரெஹானா. இந்தக் கூட்டணி மூளையையும் விட்டுவைக்காது என்றார். நம்பத்தான் வேண்டியிருந்தது. முந்தின நாள்தான் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டிருந்தார்.

மருந்தோடு ஒரு விளையாட்டும் கொடுத்தார் டாக்டர். டி.வி. மேல் ஒரு கேமரா. திரையில் பழம் விழும். சிவப்பைத் தாவிப் பிடிக்க வேண்டும், பச்சையை விட வேண்டும். மணி அடித்தால் அப்படியே தலைகீழ். உடம்பும் ஆடும், மூளையும் ஆடும். பாயிண்டெல்லாம் இன்டர்நெட்டில் டாக்டருக்குப் போய்விடும். ஏறி வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பரோட்டாவுக்கு அனுமதி.

அந்த ஒரு பரோட்டாவுக்காக வேலுச்சாமி மேற்கு மலையையே புரட்டத் தயார். குதிக்க மட்டும் தயாரில்லை.

கேமராவுக்குக் கையும் காலும்தான் தெரியும், ஆள் தெரியாது என்று கண்டுபிடித்தார். மறுநாளே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலி தீரும்வரை தன் பேரில் ஆடச் சொல்லி மனைவியிடம் உருகினார். அனுசுயா உடனே சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சம்மதித்த விஷயம் எதுவும் கிடையாது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற இடத்தில்தானே கோளாறு.

திராட்சைத் தோட்டத்தில் பொழுதெல்லாம் கையை உயர்த்திப் பழுத்த குலையாகப் பார்த்து வெட்டுகிறவள் அவள். இது அவளுக்கு எம்மாத்திரம்? பாயிண்டு, குமுளி மலைப்பாதையில் போகிற பஸ் மாதிரி வளைந்து வளைந்து ஏறியது.

பரிசோதனை நாளன்று, எந்தக் கடையில் சால்னா நன்றாயிருக்கும் என்பதுவரை முடிவு செய்துகொண்டு வேலுச்சாமி மனைவியோடு தேனிக்கு டாக்டரிடம் போனார். பாயிண்டைப் பார்த்து டாக்டர் அசந்துவிட்டார். காலேஜ் பையன்கள்கூட இப்படி ஆடவில்லையாம். பிறகு இடுப்பை அளந்தார். கூடியிருந்தது. டாக்டர் குழம்பினார். காப்பாற்று என்பதுபோல் வேலுச்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் காப்பாற்றினாள்.

“மொழங்கால் வலியோட ஆடியே இம்புட்டு பாயிண்டு டாக்டர். இன்னுங் கொஞ்சம் கடுசாக் குடுத்தீகன்னா தொப்பையும் எறங்கிரும். அவுகளால முடியும்.”

டாக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. இதுவரை எடுத்த உச்ச பாயிண்டைத் தாண்டினால்தான் இனிப் பரோட்டா என்று எழுதிக் கொடுத்தார். முழங்காலுக்குத் தைலமும் சேர்த்து.

திரும்பும் பஸ்ஸில் தைலப் புட்டியை உருட்டிக்கொண்டே வேலுச்சாமி கேட்டார்.

“ஏ புள்ள, கொஞ்சம் கொறைச்சு ஆடியிருக்கக் கூடாதா?”

“உங்க பேருல்ல. கொறைச்சு ஆட எனக்கு மனசு வருமா?”

“அப்ப வலி பொய்யின்னு தெரியுமா?”

“திங்கக்கெழமை வலது காலு, செவ்வாக்கெழமை இடது காலு. ஞாபகசக்திக்குத்தான வைத்தியம் பாக்குறோம்?”

மறுநாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் நின்றார் வேலுச்சாமி. அனுசுயா முறத்தில் சின்ன வெங்காயத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள். பத்துப் பழங்களைத் தவறவிட்ட பிறகு, ஒரு சிவப்பைத் தாவிப் பிடித்தே விட்டார். வேர்த்து வழிய, பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

“மணி அடிச்சு நேரமாச்சு” என்றாள் அவள். அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.