களம் கேட்ட ஐயோ ரைட்டர்

சேர்வராயன் மலையில் உள்ள பயம் மொத்தத்தையும் திரட்டி, அதற்கு ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிவிட்டால் அவர்தான் ஐயோ ரைட்டர். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் ஊர் செம்மநத்தத்தில் யாரும் அதைத் தேடியதில்லை. வாயைத் திறந்தால் முதலில் ஐயோ வரும், அதன் பின்னால் சேதி வரும். டீயை நீட்டினால், "ஐயோ, சூடுங்க." ஆற்றிக் கொடுத்தால், "ஐயோ, ஆறிப்போச்சுங்களே, ஈ கீ உழுந்திருக்குமா?" பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் உட்கார மாட்டார். மறுபக்கம் உட்கார்ந்தால் மலையிலிருந்து பாறை உருளும். ஆகவே நடுவில் நின்றுகொண்டே சேலம்வரைக்கும் போவார்.

இவரைத்தான் எங்கள் பெண்பிள்ளைகளின் கபடிக் குழுவுக்குத் தலைவராகப் போட்டோம். வேறு யாரும் முன்வரவில்லை. தவிர, பயப்படுகிறவர் கண்ணை மூட மாட்டார் என்றும் நம்பினோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தப்பு என்பது பிறகு தெரிந்தது.

என் மகள் கௌரி கேப்டன். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளும் சொந்தக் காப்பித் தோட்டம் வைத்திருந்த காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். ஆடத்தான் இடமில்லை. எங்கள் ஊரில் தட்டையாக இருந்தவை இரண்டே: தோசைக்கல், பஸ் திரும்புகிற வளைவு. தோசைக்கல்லில் கபடி ஆட முடியாது.

வளைவில் ஆடினார்கள். ரைட்டர் சிவப்புத் துண்டோடு சாலையோரம் காவல். பனி இறங்கினால் இந்த மலையில் மரம் எது, மாடு எது, மரணம் எது என்று தெரியாது. ரைட்டர் எல்லாவற்றுக்கும் "ஐயோ, பஸ்ஸு!" என்று கத்துவார். மேகம் வந்தாலும் பஸ். எருமை வந்தாலும் பஸ். பிள்ளைகள் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாலை அவர் கத்தினார். யாரும் அசையவில்லை. பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் வந்தன. கௌரி மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன், என் கால் ஓடவில்லை. பிரேக் கிரீச்சிட்டது. பஸ்ஸின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால், கைகளை விரித்து, கண்ணை இறுக மூடி நின்றுகொண்டிருந்தார் ரைட்டர்.

டிரைவர் தலையை நீட்டினார். "யோவ், சாவறதுக்கு என்ர வண்டிதான் கெடச்சுதா?"

"ஐயோ, சாவுக்குப் பயந்துதானுங்க நிக்கறேன்!"

அன்று என் மனைவி சொல்லிவிட்டாள். "எடம் கெடச்சா ஆடட்டும். ரோட்டுல இனிக் காலு வெக்கப்படாது." எல்லா வீட்டிலும் அதே தீர்ப்பு. இடம் இல்லையென்றால் குழு இல்லை. கௌரி சாப்பிடாமல் படுத்தாள்.

ரைட்டரோடு இடம் தேடக் கிளம்பினேன். பலா மரத்தடி: "ஐயோ, பழம் மண்டையில உழுந்தா?" ஓடைக்கரை: "ஐயோ, காட்டெருமைத் தடமுங்க." கிடைத்த ஒரு துண்டு நிலத்துக்கும், "ஐயோ, இன்னும் புள்ளைங்க சேந்தா எங்கீங்க நிக்கும்?" நாளைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காகவும் அவர் இன்றைக்கே நடுங்கினார். கடைசியில் ஊருக்கு மேலே இருந்த புறம்போக்குச் சரிவு ஒன்று பிடித்தது. அரசாங்கம் மனது வைத்தால் சமன் செய்யலாம்.

கிராம சபையில் பேச ஒரு வாரம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்தார். பெண்கள் முன்னேற்றம், உடல் நலம், வருங்காலம் எல்லாம் அதில் இருந்தன. அன்று எழுந்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ரைட்டருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐயோகூட வரவில்லை. "அந்தச் சரிவுல... ஒரு களமுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானே? போட்டுரலாம்" என்றார் அதிகாரி. நாங்கள் கை தட்டினோம்.

மழை முடிந்ததும் ஜேசிபி வந்தது. மண் சமமானது. அதன்மேல் சிமெண்ட் லாரி ஏறியது. எங்கள் மலையில் களம் என்றால் காப்பியும் மிளகும் காயப்போடுகிற இடம். ரைட்டர் மனதில் நினைத்தது ஆடுகளம். வந்து சேர்ந்தது உலர்களம். பாறை மாதிரி தளம். ஒரு கோடியில் நேரே பள்ளம். வேலி கிடையாது.

கேட்டதற்குக் காண்டிராக்டர் சிரித்தார். "ஏனுங்க, காப்பிக்கொட்டை எந்திரிச்சு ஓடியா போகும்?"

பிள்ளைகள் ரைட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, எங்கள ஆட வெக்கறீங்களா, காய வெக்கறீங்களா?"

அவர் மறுநாளிலிருந்து எஸ்டேட்டில் குப்பையாகக் குவிந்திருந்த காப்பித் தோலை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து, செம்மண்ணோடு கலந்து தளத்தின்மேல் பரப்பினார். காட்டுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்: காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் களம் அவர்களுக்கு, மற்ற காலத்தில் பிள்ளைகளுக்கு. கௌரி வீட்டுக்கு வந்தால் வீடே காப்பி மணக்கும்.

முதல் ஆட்டம் பக்கத்து ஊர் வாழவந்தியோடு. ஊரே கூடிவிட்டது. ரைட்டரை மட்டும் காணோம். பயந்து வீட்டில் படுத்திருப்பார் என்று சிரித்தோம். ஆட்டம் சமமாகப் போனபோது பனி இறங்கியது. முதலில் பள்ளம் மறைந்தது, பிறகு அந்தக் கோடியின் கோடு. கௌரி பாடிப் போனாள். கடைசிக் கோட்டருகே பதுங்கியவளைத் தொடப் பாய்ந்தாள். காப்பித் தோல் வழுக்கியது. வெள்ளை அவளை விழுங்கியது. 'கபடி கபடி' நின்றது.

அந்த மௌனம் இன்னும் என் விலா எலும்புக்குள் இருக்கிறது.

பனிக்குள்ளிருந்து, "ஐயோ!"

அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி, கௌரியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அங்கேதான், விளிம்புக்குச் சற்றுக் கீழே எங்கள் கண்ணில் படாத மண் திட்டில், கை விரித்து நின்றிருக்கிறார். பஸ்ஸில்கூடப் பள்ளத்துப் பக்கம் உட்காராதவர்.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். "ஐயோ கண்ணு, நீயா? பஸ்ஸுன்னு நெனச்சேன் சாமி."

கோட்டைத் தாண்டியதால் புள்ளி போனது. ஆட்டமும் போனது. மகள் இருந்தாள்.

இப்போது கம்பி வேலி போட்டாயிற்று. வாழவந்திப் பிள்ளைகளும் இங்கேதான் வந்து ஆடுகிறார்கள். ரைட்டர் மட்டும் அதே கோடியில், வேலிக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "அதான் வேலி இருக்குதுங்களே?" என்றேன்.

"ஐயோ, வேலிய யாருங்க புடிச்சுக்கறது?"

கௌரி பாடிப் போகுமுன் அந்தக் குரங்குக் குல்லா அங்கே தெரிகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் மூச்சை இழுக்கிறாள். நானும்.