கோதண்டபாணி காத்த சேதம்

பேரிடருக்குப் பிறகு ஓர் ஊர் எழுந்து நிற்க வேண்டுமானால், அந்த ஊரார் முதலில் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எழுபத்தொன்பதாம் வருஷக் கார்த்திகை மழையில், திருத்தணி மலையடிவாரத்து நெசவாளர் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து வடிந்த நான்காம் நாள், வெள்ளப் புனரமைப்புச் சிறப்பு அலுவலகம் அரிசிக்கு முன்னால் ஒரு சொல்விளக்கத் தாளை அனுப்பிவைத்தது.

அதை முழுசாகப் படித்தவர் கோதண்டபாணி ஒருவர்தான். அவருடைய குழித்தறியில், நெய்யும்போது கால் வைக்கும் குழி நிறைய வெள்ளம் நின்றது. மிதிகட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. நிவாரணம் வந்தால் புதுக் கட்டை போட்டுப் பொங்கலுக்குள் தறியை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். தாளோ இப்படிச் சொன்னது: 'சேதம் என்பது மதிப்பீட்டாளர் நேரில் காணும்போது உள்ளது. அதுவரை அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.'

கோதண்டபாணி குழிச்சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்.

மண் குழி அரசுத் தாளைப் படிக்கவில்லை. தினம் மூன்று குடம் தண்ணீரைக் குடித்தது.

"இன்னாங்க இது? தானா வடியுற தண்ணிய வடிய உடுங்களேன்" என்றாள் மனைவி வரலட்சுமி.

"வடிஞ்சா சேதம் கொறையும்டி. கொறைக்கறது குத்தம். கோடு வரைக்கும் ஊத்து."

எதிர்வீட்டுப் பங்காரு வரலட்சுமியின் தம்பி. வெள்ளம் வடிந்த இரண்டாம் நாளே குழியை இறைத்துவிட்டு, லுங்கி நெய்துகொண்டிருந்தான். "இன்னா பாவா, ஊட்டுக்குள்ளயே தெப்பம் உடப் போறியா?"

"பேசுடா, பேசு. நீ சேதத்தை அழிச்சவன். உம் பேரு பட்டியல்ல வராது."

பொங்கல் வந்தது, போனது. எண்பத்து மூன்று நாளில் இருநூற்று நாற்பத்தொன்பது குடம் ஊற்றியான பிறகு, மாசி வெயிலில் மதிப்பீட்டாளர் பஞ்சாட்சரம் ஜீப்பில் வந்து இறங்கினார். குழியை எட்டிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஒழுக்கமான சேதத்தை நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, 'முதல் தரச் சேதம்' என்று எழுதினார். "மத்த வீடுங்களைச் சாப்பிட்டுட்டு வந்து பார்க்கறேன்."

அவர் சாப்பிட்டுத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் தெருவே குடமும் அண்டாவுமாகக் கிணற்றை மொய்த்தது. பங்காரு, தறியில் பாதி நெய்த லுங்கியைக்கூட அறுக்காமல் குழியை நிரப்பினான். பஞ்சாட்சரம் வந்தபோது மற்ற முப்பத்தொரு குழிகளும் தளும்பிக்கொண்டிருந்தன.

அவர் தாளைப் புரட்டினார். "'மீட்பு என்பது வெள்ளம் முடிந்த பிறகு தொடங்குவது.' இந்தத் தெருவுல வெள்ளம் இப்பத்தான் ஏறிக்கினு இருக்குது. முடியட்டும், வரேன்."

கோதண்டபாணி குறுக்கே வந்தார். "நான் எறைச்சுட்டா, சார்?"

"சேதம் இல்லை."

"எறைக்கலன்னா?"

"மீட்பு இல்லை. கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடும்மா."

வரலட்சுமி கிணற்றடிக்குப் போய்த் திரும்பினாள். "கெணத்துல சேறுதாங்க இருக்குது. குழித் தண்ணி வேணா மொண்டு வடிகட்டித் தரட்டுங்களா?"

"அது சேதம். சேதத்தைக் குடிக்கக் கூடாது" என்ற பஞ்சாட்சரம், தொண்டையைத் தடவியபடி வேறொரு பதிவேட்டை எடுத்தார். "கிணறு வற்றினால் வறட்சி. ஒரே தெருவுல ஒரே நாள்ல வெள்ளமும் வறட்சியும் எழுத விதியில்லை. எது வேணும்? சீக்கிரம் சொல்லுங்க."

பங்காரு முன்னால் வந்தான். "எதுக்கு சார் ஜாஸ்தியா குடுப்பீங்க?"

தெருவே குடங்களைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தது.

"வறட்சிக்குத்தான். ஆனா மூணு வருஷம் விடாம இருக்கணும்."

"இருந்துடறோம், சார்!" என்றது தெரு, ஒரே குரலில்.

பஞ்சாட்சரம் வறட்சிக்கான சொல்விளக்கத் தாளைக் கோதண்டபாணியிடம் கொடுத்துவிட்டு, தாகத்தோடு ஜீப் ஏறினார்.

"அப்பாடா" என்றாள் வரலட்சுமி. "இனிமே குழிய எறைச்சுட்டு நாமளும் நெய்யலாங்களே?"

கோதண்டபாணி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெய்யறவனுக்கு இதுல எங்கயும் எடம் இல்லடி. பாதிக்கப்பட்டவனுக்கு நாலு எடத்துல இருக்குது."

"நாலா?" என்று பின்னாலிருந்து எக்கினான் பங்காரு. "எனக்கு ஒண்ணு புடிச்சு வையி, பாவா!"

அவனுக்குப் பின்னால் அதற்குள் முப்பது பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.